கூடைக்குப் போகாத வசனங்கள்

போதகர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். என் தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்காக நன்றி சொல்லப் போகிறோம், அவள் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தால் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுக்கலாம் என்றார். கூடப் பிறந்தவர் எழுதினால் உண்மையாக இருக்கும் என்று வேறு சொன்னார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம்மா. கடவுள் அவங்களை எப்படி நடத்தினாருன்னு வந்தாப் போதும். அந்தக் கார்டு விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க. நம்ம வாலிபப் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிரயோஜனமா இருக்கும்."

முப்பது வயதைத் தாண்டாத நல்ல மனிதர். "சரிங்கய்யா" என்று பூம்பூம் மாடு போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவர் கேட்டதை எழுத எனக்கு வராமல் இல்லை. அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவள் நான். கட்டிங் மெஷினில் நின்று அடுத்தவர் எழுதியதை வெட்டித் தள்ளியதுதான் என் வேலை என்றாலும், வெட்டும் நேரத்தில் கண் சும்மா இருக்குமா? எத்தனை நன்றி மலர்கள், எத்தனை நினைவு மலர்கள் படித்திருப்பேன். எல்லாவற்றிலும் ஒரே மனிதர்தான் இருப்பார், புகைப்படம் மட்டும் மாறும். அதே மாதிரி நானும் ஆரம்பித்தேன். இவர் சிறுவயது முதலே பக்தியுள்ளவர். கடமை தவறாதவர். தேவ சித்தத்தை அறிந்து அதற்குக் கீழ்ப்படிந்தவர். இந்த மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாளும் எழுதினேன், அதே இடத்தில் நின்றது.

அதனால் போதகருக்குக் கொடுக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் என் தங்கையை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பால் ஊற்றுகிறவர் முதல் எதிர்வீட்டுக் குழந்தை வரை சிஸ்டர்தான். "சிஸ்டரோட அக்கா" என்பதுதான் எனக்கு இருக்கிற பெயர். முப்பத்தைந்து வருடமும் பிரசவ வார்டு. வலியில் கத்துகிறவளைப் பார்த்து மற்ற நர்ஸுகள் கத்துவார்கள். இவள் மட்டும் குனிந்து காதில் பேசுவாள். என்ன பேசுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா. நீ எந்தத் தெரு, உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு கேப்பேன். பதில் யோசிக்கறதுல ஒரு வலி போயிடும்" என்றாள். வேலை முடிந்து வந்தால் செருப்பை வாசலில் கழற்றி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போவாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பாள்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது தங்கைக்கு முப்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்தெட்டு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். எங்கள் இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அது தனிக்கதை, அதில் யார்மேலும் குற்றம் இல்லை. அம்மா கனத்த உடம்புக்காரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தங்கை தோள் பக்கம் பிடிப்பாள், நான் இடுப்புப் பக்கம் பிடிப்பேன். அவள் "ம்" என்பாள், இரண்டு பேரும் சேர்ந்து புரட்டுவோம். அவள் இல்லாதபோது நான் தனியாகச் செய்து பார்த்து, அம்மாவைக் கட்டில் கம்பியில் இடித்து நெற்றி வீங்கியது ஒருநாள். அம்மாவுக்கு வாய் பேச வராது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடக் கடைசியில் தங்கைக்கு ஒரு கடிதம் வந்தது. மலைமேல் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் இல்லாமல் பெண்கள் வழியிலேயே செத்துப்போகிறார்கள், வர முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவள் படித்த காலத்திலிருந்தே அந்த மாதிரி இடத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தவள். கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நான்காம் நாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியலை. போகச் சொல்ற மாதிரியும் இருக்கு, அம்மாவைப் பார்த்தா இருக்கச் சொல்ற மாதிரியும் இருக்கு. அதனால கடவுள்கிட்டயே விட்டுட்டேன். முதல் ஞாயிறு கார்டு எடுப்போமில்ல, அதுல என்ன வருதோ அதைச் செய்றேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா?"

"ஆமா. முழங்கால் போட்டுச் சொல்லிட்டேன்."

இந்தக் கார்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஆண்டின் முதல் ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பிரம்புக் கூடையை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். அதில் வசனம் அச்சடித்த சிறு அட்டைகள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருவதுதான் அந்த ஆண்டுக்குக் கடவுள் நமக்குச் சொல்கிற வார்த்தை. சிலர் அதைக் கண்ணாடியில் செருகி வைப்பார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். என் தங்கை மறக்கிற ஜாதி இல்லை.

அந்த அட்டைகளை அச்சடித்தது எங்கள் அச்சகம். வெட்டியது நான்.

ஒரு தாளில் இருபது வசனம். அப்படிப் பதினைந்து தாள். பதினைந்தையும் தட்டிச் சமன்செய்து, மெஷினின் பின்கட்டையில் ஒட்டி வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால் கத்தி இறங்கும். எல்லாம் வெட்டி முடிந்ததும் மேஜையில் இருபது சின்னக் கட்டுகள் நிற்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒரே வசனம், பதினைந்து பிரதி. இதைக் கலைத்துப் போட்டுக் கூடைக்கு அனுப்ப வேண்டியது வெட்டுகிற ஆளின் பொறுப்பு. அந்த வருடம் கத்தி முனையில் ஒரு இடத்தில் சின்னதாகப் பல் விழுந்திருந்தது. அதனால் எல்லா அட்டையின் கீழ் ஓரத்திலும் மயிரிழை போல ஒரு கோடு. முதலாளியிடம் கத்தி மாற்றச் சொன்னேன், அட்டைக்கு அது போதும் என்றுவிட்டார்.

இருபது கட்டையும் பார்த்தேன். பதினேழு கட்டு ஆறுதல், சுகம், சமாதானம், பாதுகாப்பு என்று பொதுவாக இருந்தது. மூன்று கட்டு மட்டும் வேறு மாதிரி. ஒன்று சொந்த ஊரை விட்டுப் புறப்படச் சொல்வது. ஒன்று யாரை அனுப்புவேன் என்று கடவுள் கேட்பது. ஒன்று பிடித்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வரச் சொல்வது. இந்த மூன்றையும் எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் நடுங்கவில்லை. நாற்பத்தைந்து அட்டை குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. சபையில் ஆள் இருநூற்றைம்பதுக்கும் குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுப்பில் போட மனம் வரவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. வசனம் ஆயிற்றே! கடவுளின் வாயை அடைக்கத் துணிந்தவளுக்கு அவர் வார்த்தையைக் குப்பையில் போட மட்டும் கூசியது. என் மனசாட்சியின் லட்சணம் இவ்வளவுதான். ரப்பர் வளையம் போட்டுத் தையல் பெட்டியின் அடியில் வைத்தேன்.

ஞாயிறு காலை அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடை வந்தது. கண்ணை இறுக மூடி, உதடு அசைய ஜெபித்து, கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்தாள். உன் இடத்தில் அமைதியாகத் தங்கியிரு, அங்கே உன்னை ஆசீர்வதிப்பேன் என்று பொருள்படுகிற வசனம் வந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்கச் சொல்லிட்டார்க்கா" என்று சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதத்தானே வேண்டும்.

அன்றைக்கே மலைக்கு வர முடியாது என்று எழுதிப் போட்டாள். அட்டையைத் தன் ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் உறைக்குள், புகைப்படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

அந்த ஆண்டு எங்கள் சபையிலிருந்து ஒருவரும் எங்கும் கிளம்பவில்லை. வீடு மாற்றலாமா என்று ஜெபித்துக்கொண்டிருந்த தையற்காரர்கூட, கடவுள் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒழுகுகிற கூரைக்கு அடியில் வாளியை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். மழைக்காலம் முழுக்க அவருக்கு இருமல். ஆராதனையில் அவர் இருமும்போதெல்லாம் நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். நான் எதையும் உள்ளே வைக்கவில்லை, எடுத்தேன், அவ்வளவுதான். மீதிப் பதினேழில் கடவுள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாமே, 'இரு' என்பதை ஏன் கொடுத்தார்? அப்படியானால் அவர் சித்தமும் அதுதான். இதை ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருப்பேன். பகலில் சரியாகத்தான் இருக்கும். துணி துவைக்கும்போது அவள் சட்டைப்பையிலிருந்து அந்த அடையாள அட்டையை எடுத்து வைப்பேன், உள்ளே இருப்பதன் ஓரம் விரலில் படும், மயிரிழைக் கோடு தட்டுப்படும். உடனே சமாதானமெல்லாம் போய்விடும்.

அம்மா ஒன்பது வருடம் இருந்தாள். அவளுடைய முதுகில் ஒரு புண் வந்தது கிடையாது. அவள் போன சில மாதத்தில் மலை ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. தங்கை அதை என்னிடம் காட்டினாள். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப அம்மாவும் இல்லை. ஆனா அவர் ஒருதடவை இருன்னு சொல்லிட்டாரே. அவரா மாத்திச் சொல்ற வரைக்கும் நானா கிளம்பக் கூடாது. இல்லக்கா?"

தட்டைத் துடைத்து முடித்தேன், இன்னொரு தட்டை எடுத்தேன். முதல்முறை செய்தது பயத்தில். இந்தமுறை பேசாமல் இருந்தது சுகத்தில். அவள் போட்ட தேநீர், அவள் ஆஸ்பத்திரிக் கதைகள், அவள் தும்மல் சத்தம், எல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டால், முதலாவதற்காவது மன்னிப்பு உண்டு என்று தோன்றுகிறது. இரண்டாவதற்கு எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இது நடந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளுடன் உட்கார்ந்தாள். மறுநாள் சபையில் பேசுவதற்கு எழுதி வைத்தது.

"அக்கா, வாசிக்கறேன் கேளு. நீளமா இருந்தாச் சொல்லு, வெட்டிடலாம். வெட்டறதுதானே உன் தொழில்."

வாசித்தாள். தனக்குப் போகத்தான் ஆசை இருந்தது, ஆனால் கடவுள் இரு என்றார் என்று வந்தது. கீழ்ப்படிவது முதலில் கசந்தது என்று வந்தது. கடைசியில், வாலிபப் பிள்ளைகளே, எந்தப் பக்கம் போவதென்று தெரியாதபோது கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார் என்று முடித்திருந்தாள்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் தையல் பெட்டியைக் கொண்டுவந்தேன். நூல்கண்டு, பித்தான், ஊசி டப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடியில் இருந்த மூன்று கட்டையும் அவள் முன்னால் வைத்தேன். ரப்பர் வளையம் இற்று அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது.

"இது என்னக்கா?"

"அன்னிக்கு அந்தக் கூடையில இருந்திருக்க வேண்டியது."

மூன்று கட்டிலும் மேல் அட்டையை ஒவ்வொன்றாக வாசித்தாள். அடையாள அட்டையிலிருந்து தன்னுடையதை உருவி எடுத்து, ஒரு கட்டோடு ஓரம் சேர்த்துப் பார்த்தாள். கோடு ஒரே இடத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

தன் அட்டையைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் பாழாய்ப் போன என் வாய் அந்தப் பழைய சமாதானத்தை எடுத்து விட்டது. "நான் எதையும் உள்ள வைக்கலைடி. எடுத்தேன், அவ்வளவுதான். மீதியில எது வேணும்னாலும் வந்திருக்கலாம். அதுதானே வந்தது."

"போன்னு சொல்ற வாயைப் பொத்திட்டு, பாரு, அவர் போன்னு சொல்லவேயில்லைன்னு சொல்றியா?"

இத்தனை வருடம் நான் கட்டி வைத்தது அந்த ஒரு கேள்வியில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏன்க்கா?"

"அம்மாவைத் தனியாப் புரட்ட முடியாதுன்னு பயம்."

"அவ்வளவுதானா?"

"நீ இல்லாம இந்த வீட்டுல இருக்க முடியாதுன்னும் பயம்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போகாதேடின்னு ஒரு வார்த்தை. நான் இருந்திருப்பேனே. உனக்காக இருந்தேன்னு சந்தோஷமா இருந்திருப்பேன். அதைச் சொல்ல உனக்குக் கடவுளா வேணும்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னு அவர்கிட்ட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? ஆசையைக் குடுத்ததும் நீர்தான், வழியை அடைச்சதும் நீர்தான், என்ன விளையாட்டு இதுன்னு. அவர் ஒண்ணுமே சொல்லலையேக்கா. சொல்லாத ஆள்மேல இருபத்துநாலு வருஷம் கோபப்பட்டிருக்கேன்."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நூல்கண்டுகளை நிறம் நிறமாகப் பெட்டியில் அடுக்கினேன். எடுத்து, மறுபடி அடுக்கினேன். சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"போதகர் கேட்ட பக்கம் எழுதிட்டியா?"

"இல்லை."

"எழுத வேண்டாம்."

மறுநாள் ஆராதனையில் போதகர் அவளைக் கூப்பிட்டார். தாள் இல்லாமல்தான் போனாள். அட்டை மட்டும் கையில் இருந்தது. நான் இருக்கையின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லட்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. ஐயோ, சொல்லிவிடப் போகிறாளே என்று இன்னொரு பக்கம் இருந்தது.

"இந்தக் கார்டை வெட்டினது எங்கக்கா" என்றாள். சபையில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னை வீட்டுல இருக்கச் சொன்னதும் எங்கக்கா. நான் இருந்தேன். எங்கம்மா ஒன்பது வருஷம் புண் இல்லாம படுத்திருந்தாங்க. நிறையப் பிள்ளைங்க என் கையில பிறந்தாங்க, அதுல சில பேர் இங்க உக்காந்திருக்கீங்க. அதுக்கெல்லாம் கடவுளுக்கு நன்றி. அவர் என்னைப் பத்தி என்ன நினைச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இனிமேதான் கேக்கணும்."

என்ன தாழ்மை பாருங்கள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அவள் இறங்கி வந்து, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு வராமல், ஒரு வரிசை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடிகிறவரை அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி ஒன்று கழன்று தொங்கியது. எட்டிச் செருகிவிட எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை மலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். உங்களை மாதிரி ஒருவர் வந்து புது நர்ஸுகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், எப்போது வருகிறீர்கள் என்றார்களாம். இந்த வாரம் முழுக்க என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். சாப்பாடு எடுத்து வைத்தாள், என் மாத்திரையை மறக்காமல் கொடுத்தாள். தேநீர் போட்டாள். கதை மட்டும் சொல்லவில்லை.

இன்று காலை கட்டிலில் பையைத் திறந்து வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"நீ என்ன சொல்றேக்கா?"

"கடவுளுக்குச் சித்தமானா..." என்று ஆரம்பித்தேன்.

"அவரை விடு. அவர்கிட்ட நான் கேட்டுக்கறேன். நீ என்ன சொல்றே?"

போய் வா என்று சொல்வதுதான் அழகு. அதுதான் நான் பட்ட கடனும். ஆனால் அதுவும் ஒரு பொய்தானே. அவளுக்கு இன்னொரு பொய்யைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

"போகாதேடி" என்றேன். "எனக்கு வயசாச்சு. பயமா இருக்கு. போகாதே."

கையில் இருந்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள். அவள் கண் நிறைந்தது.

"சரி. கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

பிறகு குனிந்து, மடித்து வைத்திருந்த இரண்டு வெள்ளை யூனிபாரத்தையும் பைக்குள் வைத்தாள். அதன்மேல் செருப்பைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பை மூட வரவில்லை. நான் உள்ளே போய் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் "ம்" என்று சொல்லி ஜிப்பை இழுத்தாள்.